இக்பாலின் இலக்கியத்திற் பண்பாட்டு மரபும் ஆன்மிகமும்

பழஞ்செல்வம் உடைய குடியிற் பிறந்தவர்க்கு இரு வகை இடர்கள் உண்டு. முன்னோர் வைத்த பொருளை அதன் அருமை அறியாது அழித்துவிடுதல் ஒன்று. அதனைப் பெட்டகத்திற் பூட்டிவைத்து, நாடோறும் அதன் பெருமையையே பேசி, தாம் ஒன்றும் ஈட்டாது காலங் கழித்தல் மற்றொன்று. முன்னையது கேடு என்பதை யாவரும் அறிவர். பின்னையதும் கேடே என்பதை உணர்ந்தோர் சிலரே. இது பொருட்செல்வத்துக்கு மாத்திரமன்றிப் பண்பாட்டுச் செல்வத்துக்கும் ஒக்கும். ஐரோப்பியரின் ஆட்சிக்கும் கல்விக்கும் உட்பட்ட கீழைத்தேயச் சமுதாயங்கள் பலவும் இவ்விரு இடர்களுக்கும் நடுவே நின்று தடுமாறின. அவற்றின் புத்திலக்கியத்திற் பெரும் பகுதி அத் தடுமாற்றத்திற் பிறந்ததே என்று கூறினும் மிகையாகாது.

இஸ்லாமிய உலகம் அடைந்த தடுமாற்றம் பெரிது. டில்லியில் மொகலாயர் ஆட்சி 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியோடு முற்றாக மறைந்தது. துருக்கியிலே 1924 ஆம் ஆண்டிற் கலீபாப் பதவியே ஒழிக்கப்பட்டது. ஒரு காலத்தில் வானநூலும் மருத்துவமும் மெய்யியலும் வளர்த்து உலகுக்கு வழங்கிய ஒரு சமுதாயம், அவற்றைப் பிறரிடம் மீண்டும் கற்க வேண்டிய நிலையை எய்தியது. “எம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வம் யாது? அதனுள் உயிருள்ளது எது, உயிரற்றது எது? இறைவனை நாடுதல் என்பது உலகை விட்டு நீங்குதலா, உலகினுட் புகுந்து உழைத்தலா?” என்னும் வினாக்கள் அறிஞர் உள்ளத்தை வருத்தின. இவ் வினாக்களைக் கவிதையிலும் மெய்யியலிலும் ஒருங்கே எழுப்பி, தம் வாணாள் முழுவதும் அவற்றோடு போராடியவர் முகம்மது இக்பால் (1877–1938) ஆவர். அவர் அப் போராட்டத்தை நடத்திய முறையை எடுத்துக் காட்டுவதே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் ஒன்று கூறல் வேண்டும். இக்பால் தம் கவிதைகளை உருது மொழியிலும் பாரசீக மொழியிலும் இயற்றினார். இக் கட்டுரையாளன் அம் மொழிகளை அறியான். நிக்கல்சன், ஆர்பெரி முதலிய ஆங்கில அறிஞர்களின் மொழிபெயர்ப்புகள் வாயிலாகவே அவற்றைப் பயின்றான். ஆதலின் அவருடைய யாப்பையும் ஓசைநயத்தையும் பற்றி ஈண்டு யாதும் கூறப்படவில்லை, கருத்தே ஆராயப்படுகின்றது.

பிறப்பும் கல்வியும்

இக்பால் 1877 ஆம் ஆண்டு நவம்பர் 9 ஆம் நாள் பஞ்சாபிலுள்ள சியால்கோட் நகரிற் பிறந்தார். இன்று அந் நகரம் பாக்கிஸ்தானில் உளது. அவருடைய முன்னோர் காஷ்மீரத்துப் பிராமணர். பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர்கள். தந்தையார் நூர் முகம்மது தையற்றொழில் செய்து வாழ்ந்தவர். பெருங் கல்வி இல்லாதவராயினும் சூபிகளின் நெறியில் ஈடுபாடு மிக்கவர். இளமையில் இக்பால் நாடோறும் காலையிற் குர்ஆன் ஓதுவது வழக்கம். ஒருநாள் தந்தையார் அவரை நோக்கி, அவ் வேதம் உனக்கே அருளப்படுவதாக எண்ணி ஓதினாலன்றி அதன் பொருள் உனக்கு விளங்காது என்று அறிவுறுத்தினராம். இதனை இக்பால் பிற்காலத்திற் பலமுறை நினைவு கூர்ந்துள்ளார். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் அருளப்பட்ட நூலை இன்று, இவ்விடத்தில், தனக்கே அருளப்பட்டதாகக் கொள்ளுதல் எளிய செயலன்று. மரபினைப் பெறுதல் யாங்ஙனம் என்னும் வினாவுக்கு அவர் வாணாள் முழுவதும் கூறிய விடை அச் சிறு அறிவுரையினுள் அடங்கியிருந்தது எனலாம்.

சியால்கோட்டில் சையித் மீர் ஹசன் என்னும் ஆசிரியரிடம் அரபும் பாரசீகமும் கற்றார். லாகூர் அரசினர் கல்லூரியிலே தோமஸ் ஆர்னல்ட் என்னும் ஆங்கிலப் பேராசிரியரிடம் மெய்யியல் பயின்று, 1899 இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1905 இல் ஐரோப்பா சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மக்டாகட் முதலிய மெய்யியலாரிடம் கற்றார். பாரசீகத்தில் மெய்ப்பொருளியல் வளர்ந்த வரலாற்றை ஆராய்ந்து ஜேர்மனியின் மூனிச் சர்வகலாசாலையிற் கலாநிதிப் பட்டமும், இலண்டனிற் சட்டத்தரணித் தகைமையும் பெற்று, 1908 இல் தாயகம் மீண்டார்.

புலம்பலும் முறையீடும்

ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் அவர் ஏறிய கப்பல் சிசிலித் தீவை அடுத்துச் சென்றது. அத் தீவு ஒரு காலத்தில் அரபியர் ஆட்சியில் இருந்தது. அதனைக் கண்ட இக்பால் மனங்கலங்கிப் பாடிய உருதுப் பாடல் புகழ் பெற்றது. பழைய நகரங்கள் அழிந்தபோது அவற்றை நினைந்து அழுத புலவர் பலரைப் போலச் சிசிலியை நினைந்து அழும் பேறு தமக்கு வாய்த்தது என்பது அப் பாடலின் கருத்து. இழந்த பெருமையை எண்ணிக் கண்ணீர் வடிக்கும் இத்தகைய பாடல்கள் கீழைத்தேய மொழிகள் பலவற்றிலும் அக் காலத்தில் மலிந்திருந்தன. இக்பாலும் அந்த இடத்திலேயே தொடங்கினார். ஆயினும் அங்கே நின்றுவிடவில்லை.

பின்னர், லாகூரில் நடந்த ஒரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ‘ஷிக்வா’ என்னும் நீண்ட பாடலைப் பாடினார். ‘முறையீடு’ என்பது அதன் பொருள். இறைவனின் பெயரை உலகெங்கும் பரப்பிய சமுதாயம் வறுமையுற்று வாட, அப் பெயரை அறியாதார் வளத்தோடு வாழ்வது யாது நீதி என்று கவிஞர் இறைவனிடமே வழக்குரைக்கின்றார். இது இறைவனுக்கு இழைத்த அவமதிப்பு என்று வைதிகர் சிலர் சினந்தனர். ஆயின், 1913 இல் அவர் அதற்கு மறுமொழியாக ‘ஜவாபே ஷிக்வா’ என்னும் பாடலையும் இயற்றினார். அதிலே இறைவன் விடை கூறுகின்றான். முன்னோர் பெருமையைப் பேசுகின்றீர். அவர்களுடைய பண்பும் முயற்சியும் உம்மிடம் உளவோ என்பது அவ் விடையின் சாரம். புலம்பலிலிருந்து முறையீட்டுக்கும், முறையீட்டிலிருந்து தன்னைத் தானே வினாவுதற்கும் கவிஞர் சென்ற வழியை இப் பாடல்கள் காட்டுகின்றன. மரபுரிமை என்பது பிறப்பினாலே கிடைப்பதில்லை என்னும் தெளிவு இங்கே பிறக்கின்றது.

தன்னுணர்வு என்னும் கோட்பாடு

1915 ஆம் ஆண்டில் ‘அஸ்ராரே குதீ’ என்னும் பாரசீகக் காவியம் வெளிவந்தது. ‘தன்னுணர்வின் மறைபொருள்கள்’ எனத் தமிழில் அதனைக் கூறலாம். 1920 இல் நிக்கல்சன் அதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபின் மேலைநாட்டாரும் இக்பாலை அறிந்தனர்.

‘குதீ’ என்னும் சொல்லே ஆராய்தற்குரியது. தமிழில் ‘நான்’ என்னும் முனைப்பையும் ஆணவத்தையும் நாம் இழித்துக் கூறுவதுபோல, பாரசீகத்திலும் உருதுவிலும் அச் சொல் செருக்கு, தன்னலம் என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்கிற்று. ‘தான்’ என்பதை அழித்தலே ஞானத்தின் எல்லை எனச் சூபிக் கவிஞர் பலர் பாடினர். துளி கடலிற் கலந்து மறைதலை அதற்கு உவமையாகக் கூறினர். இக்பால் அதே சொல்லை எடுத்து அதன் பொருளை மாற்றினார். மனிதனுடைய தனித்தன்மை இறைவன் அவனுக்கு அளித்த பொறுப்பு. அதனை அழித்தல் ஆகாது. வளர்த்து உறுதியாக்கல் வேண்டும் என்றார். கடலிற் கரையும் துளியைவிடச் சிப்பியுட் புகுந்து முத்தாகும் துளியே அவர்க்கு உவப்பாயிற்று.

இக் கருத்தை விளக்க அவர் கூறும் கதைகள் சுவையானவை. ஒரு காட்டில் ஆடுகள் வாழ்ந்தன. புலிகள் அங்கே புகுந்து அவற்றைக் கொன்று தின்றன. ஆடுகளால் வலிமை பெற்றுப் புலியாதல் இயலாது. ஆதலின் சூழ்ச்சி மிக்க கிழ ஆடொன்று, புலிகளை ஆடாக்கும் வழியைத் தேடிற்று. அது தன்னை இறைதூதனெனக் கூறிக்கொண்டு, வலிமை பாவம் என்றும், தன்னை மறத்தலே வீடு என்றும், புல்லுண்பாரே இறைவனுக்கு இனியர் என்றும் புலிகளுக்கு உபதேசித்தது. வேட்டையாடிக் களைத்திருந்த புலிகள் அவ் வுபதேசத்தை விரும்பி ஏற்றன. புல்லை உண்டு பல்லும் நகமும் மழுங்கின, கண்ணொளி குன்றின, நெஞ்சத் துணிவு இழந்தன. ஈற்றில் அத் தளர்ச்சியையே பண்பாடு எனப் பெயரிட்டு அழைத்தன. தோல்வியுற்ற சமுதாயம் தன் தோல்வியையே சமயமாக்கிக் கொள்ளுதலைக் குறித்து எழுதப்பட்ட எள்ளல்களுள் இது மிகக் கூரியது. மற்றொரு கதையிற் கரி வைரத்தை நோக்கி, நாம் இருவரும் ஒரே சுரங்கத்திற் பிறந்தோமாக, நீ முடியில் ஏற நான் அடுப்பில் எரிவது ஏன் என்று வினாவுகின்றது. தன்னுள் நிகழ்ந்த போராட்டத்தினால் இறுகித் திண்மை பெற்றமையே காரணம் என்கின்றது வைரம்.

இதனைக் கேட்போர் இக்பால் ஆணவத்தைப் போற்றினர் எனக் கருதுதல் கூடும். அவர் வகுத்த மூன்று படிகளை நோக்கின் அவ் வையம் நீங்கும். முதற்படி கீழ்ப்படிதல், பாலைவனத்திற் பாரஞ் சுமந்து தளராது நடக்கும் ஒட்டகம் அதற்கு எடுத்துக்காட்டு. இரண்டாம் படி தன்னை அடக்குதல். மூன்றாம் படி உலகில் இறைவனின் பிரதிநிதியாய் நின்று செயலாற்றுதல். அடங்கக் கல்லாதவன் ஆளத் தகுதியுடையவன் ஆகான் என்பது இவ் வரிசையால் விளங்கும். மேலும், 1918 இல் வெளிவந்த ‘ருமூஸே பேகுதீ’ என்னும் காவியத்திலே, தனிமனிதன் சமுதாயத்தினுள் தன்னை ஈந்தே முழுமை அடைகின்றான் என்று காட்டி, முன்னைய நூலை நிறைவு செய்தார்.

மரபினுள்ளே ஓர் ஆய்வு

‘அஸ்ராரே குதீ’யின் முதற் பதிப்பில் இக்பால் ஒரு துணிகரமான செயலைச் செய்தார். பதினான்காம் நூற்றாண்டில் ஷீராஸ் நகரில் வாழ்ந்த ஹாபிஸ், பாரசீக இலக்கியத்தின் முடிமணி எனப் போற்றப்படுபவர். அவருடைய கவிதையின் இனிமை படிப்போரை மயக்கி உறங்கச் செய்கின்றது என்றும், அம் மயக்கம் ஒரு சமுதாயத்தின் உயிராற்றலை உறிஞ்சுகின்றது என்றும் இக்பால் கடிந்து பாடினார். பெரும் எதிர்ப்பு எழுந்தது. குவாஜா ஹசன் நிஸாமி, கவிஞர் அக்பர் அலகாபாதி போன்றோர் மறுத்தனர். இக்பால் அடுத்த பதிப்பில் அப் பகுதியை நீக்கிவிட்டார். ஹாபிஸின் கவித்திறனை அவர் என்றும் மறுத்தாரல்லர். அவருடைய பாரசீகப் பாடல்கள் பலவற்றில் ஹாபிஸின் சாயலே படிந்துள்ளது என்பர் அறிஞர். தாம் மிகவும் நேசித்த ஒரு புலவரை அவர் ஆய்வுக் கூண்டில் நிறுத்தினார் என்பதே கருதத்தக்கது. மரபிற் சிறந்தன யாவும் வாழ்வுக்கு நல்லன என அவர் கண்மூடிக் கொள்ளவில்லை.

ஹாபிஸைக் கடிந்தவர், பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஞானக் கவிஞராகிய மௌலானா ரூமியைத் தம் குருவாகக் கொண்டார். ரூமியின் பாடல்களிலே இறைவன்மீது கொண்ட காதல் மனிதனை மேன்மேல் உந்தும் ஆற்றலாய் நிற்கக் கண்டார். அக் காதலை ‘இஷ்க்’ என்பர். அறிவு வழியைக் காட்டும். நடக்கச் செய்வது காதலே என்பது இக்பால் நூல்களிற் பல்கால் வரும் கருத்தாகும்.

அவர் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளவும் தயங்கவில்லை. மன்சூர் அல் ஹல்லாஜ் என்னும் ஞானி, தாமே மெய்ப்பொருள் எனக் கூறியமை காரணமாகப் பழிக்கப்பட்டு, 922 ஆம் ஆண்டிற் பக்தாதிற் கொலையுண்டார். இளமையில் இக்பால் அவரை, மனிதனையும் இறைவனையும் ஒன்றெனக் கொண்டவராகவே கருதினார். பின்னர், பிரெஞ்சு அறிஞர் மாசிஞோன் 1913 இற் பதிப்பித்த ஹல்லாஜின் நூலைப் பயின்றபோது வேறொரு பொருள் புலனாயிற்று. துளி கடலில் மறைந்ததை ஹல்லாஜ் கூறவில்லை; மனித ஆன்மா தன் உண்மை கெடாது, தன்னினும் ஆழமானதொரு நிலையில் நிலைபெற்றதையே கூறினார் என இக்பால் துணிந்தார். முன்னோர் நூல் ஒன்றை மீண்டும் படித்துத் தம் முடிவை மாற்றிக்கொள்ளுதல் அறிஞர்க்கு அழகு.

இவ் வாய்வு இஸ்லாமிய மரபின் எல்லைக்குள் மாத்திரம் நிகழவில்லை. ‘அஸ்ராரே குதீ’யின் முதற் பதிப்புக்கு எழுதிய உருது முன்னுரையிலே, ஸ்ரீ கிருஷ்ணர் போதித்த துறவு செயலைத் துறத்தலன்று, செயலின் பயனிற் பற்றைத் துறத்தலே என்பதை எடுத்துக் காட்டி, அவ் வழியிற் சென்றவரென ஸ்ரீ இராமானுசரையும் போற்றினார். சங்கரரின் நுண்ணிய தருக்கம் அப் பொருளை மறைத்துவிட்டதென்றும், சங்கரர் கீதைக்குச் செய்ததை இப்னு அரபி குர்ஆனுக்குச் செய்தார் என்றும் கருதினார். சங்கரரைப் பற்றிய இம் முடிவை அத்துவைதிகள் ஏலார். அவர்க்கும் தக்க விடைகள் உள. ஆயின், ஒரு முஸ்லிம் கவிஞர் தம் சமயத்தின் உள்நோயை ஆராயும்போது, அந் நோயின் கூறுகளையும் மருந்தின் கூறுகளையும் அயற் சமயத்தின் வரலாற்றிலும் தேடிக் கண்டார் என்பது நம் சிந்தனைக்குரியது. ஆன்மா இறைவனோடு கூடிய நிலையிலும் தன் உண்மை கெடாது நிற்கும் என்னும் கோட்பாட்டைச் சைவ சித்தாந்தத்திற் பயின்ற நம் மாணாக்கர்க்கும் இவ் வினா புதியதன்று. இரு கொள்கைகளும் ஒன்றெனக் கூறுதல் அவசரமுடைத்து. வினா ஒன்றே எனக் கூறுதல் தகும்.

சென்னையில் ஆற்றிய சொற்பொழிவுகள்

கவிதையிற் குறிப்பாற் கூறியதை இக்பால் உரைநடையிலும் முறைப்படுத்திக் கூறினார். சென்னை முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளுக்கு இணங்கி, 1929 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தமிழகத்தின் தலைநகருக்கு வந்து ஆங்கிலத்தில் மெய்யியற் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். அவை ஹைதராபாத்திலும் அலிகாரிலும் தொடர்ந்தன. ஆறு சொற்பொழிவுகள் 1930 இல் நூலாயின. ஏழாவது ஒன்றையும் சேர்த்து 1934 இல் ஆக்ஸ்போர்ட் பதிப்பு வெளிவந்தது. இஸ்லாமியச் சமயச் சிந்தனையைப் புதுக்கிக் கட்டுதல் என்பது அந் நூலின் பொருள்.

அதில் ஐந்தாஞ் சொற்பொழிவின் தொடக்கம் மறக்கற்பாலதன்று. கங்கோ என்னும் ஊரில் வாழ்ந்த அப்துல் குத்தூஸ் என்னும் சூபி, நபிகள் விண்ணின் உச்சிக்குச் சென்று மீண்டதைக் குறித்து, தாம் அந் நிலையை அடைந்திருப்பின் ஒருபோதும் மீளார் என்று கூறினராம். ஞானிக்கும் நபிக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வொரு கூற்றே காட்டுகின்றது என்கின்றார் இக்பால். ஞானி பேரின்ப நிலையை எய்தியபின் அதனைவிட்டு நீங்க விரும்புவதில்லை. நபியோ மீண்டு வருகின்றார். வந்து, காலத்தின் ஓட்டத்தினுட் புகுந்து, வரலாற்றை மாற்றும் ஆற்றல்களை இயக்குகின்றார். பெற்ற அனுபவத்தின் மதிப்பை, அதனாற் படைக்கப்பட்ட மனிதரையும் பண்பாட்டையுங் கொண்டே அளக்கலாம். இக்பாலின் ஆன்மிகம் அனைத்தும் இந்த ‘மீளுதல்’ என்னும் சொல்லிலே தங்கியுளது எனல் பொருந்தும்.

ஆறாஞ் சொற்பொழிவு ‘இஜ்திஹாத்’ பற்றியது. மூல நூல்களினின்று காலத்துக்கேற்ற முடிவைத் தன் அறிவால் ஆராய்ந்து காணும் முயற்சியே அச் சொல்லின் பொருள். அவ் வாயில் அடைபட்டுவிட்டது எனப் பல நூற்றாண்டுகளாகக் கூறப்பட்டு வந்ததை இக்பால் மறுத்தார். ஒவ்வொரு தலைமுறைக்கும் முன்னோரின் பணி வழிகாட்டியாய் அமையும். ஆனால் தடையாய் அமைதல் கூடாது என்றார். மக்களால் தெரிந்தெடுக்கப்பட்ட மன்றமும் அவ்வுரிமையைக் கையாளலாம் என்னும் கருத்தையும் ஏற்றுக்கொண்டார். அக் காலத்தில் இஃது எளிதிற் கூறத்தக்க கருத்தாய் இருக்கவில்லை.

விண்ணுலகப் பயணம்

1932 இல் வெளிவந்த ‘ஜாவீத் நாமா’ அவருடைய கவித்திறனின் சிகரம் என அறிஞர் பலர் கருதுவர். தம் மகன் ஜாவீதின் பெயரால் அமைத்த இப் பாரசீகக் காவியத்தில், கவிஞர் ரூமியின் வழிகாட்டலிற் கோள்கள்தோறும் சென்று பழைய ஆன்மாக்களோடு உரையாடுகின்றார். நபிகளின் விண்ணேற்றம் பற்றிய மரபு இதற்கு அடிப்படை. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெருங்காவியமும் நினைவுக்கு வரும். அத் தாந்தேயே இஸ்லாமிய விண்ணேற்றக் கதைகளிலிருந்து கருக்கொண்டார் என ஸ்பானிய அறிஞர் ஆசின் பலாசியோஸ் 1919 இல் வாதிட்டிருந்தார்.

இப் பயணத்தில் முதலிற் சந்திரமண்டலத்துக் குகையொன்றில் அவர் காண்பது யாரை? சடைமுடி தரித்து, வெண்ணிற நாகம் சுற்றியிருக்க யோகத்தில் அமர்ந்துள்ள விசுவாமித்திர முனிவரை. அப் பெயரை ‘உலக நண்பன்’ எனப் பாரசீகத்திற் பெயர்த்து வழங்குகின்றார் கவிஞர். முனிவர் கீழைத்தேயம் நெடுந்துயில் நீங்கி எழும் காலம் அணித்து என்னும் நற்செய்தியைக் கூறி, கவிஞரை வினாக்களால் ஆராய்ந்து மகிழ்கின்றார். வியாழமண்டலத்திலே ஹல்லாஜும், உருதுக் கவிஞர் காலிப்பும், 1852 இற் பாரசீகத்திற் கொலையுண்ட பெண் கவிஞர் தாஹிராவும் சுவர்க்கத்தில் ஓய்ந்திருத்தலை வெறுத்து ஓயாது அலைகின்றனர். சனிமண்டலத்திலே தாய்நாட்டைக் காட்டிக் கொடுத்த இருவர் நரகமும் ஏற்க மறுக்கும் நிலையிற் கிடந்து வருந்துகின்றனர். இந்தியத் தாயின் ஆன்மா விலங்கு பூண்டு புலம்புகின்றது. சுவர்க்கத்திலே காஷ்மீரத்துப் புலவர் கனியோடு வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியும் வீற்றிருந்து செயலின் மேன்மையை உரைக்கின்றார். இஸ்லாமிய விண்ணேற்ற மரபில் எழுந்த காவியமொன்றில் விசுவாமித்திரர்க்கும் பர்த்ருஹரிக்கும் இடம் உண்டாயிற்று. தன் மரபில் வேரூன்றி நிற்பவனே அயலார் மரபை அச்சமின்றி வரவேற்க வல்லவன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

கோர்தோவாப் பள்ளிவாசல்

1933 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இக்பால் ஸ்பெயின் நாட்டுக்குச் சென்றார். அங்கே கோர்தோவா நகரிலுள்ள பெரும் பள்ளிவாசல் எட்டாம் நூற்றாண்டில், முதலாம் அப்துர் ரஹ்மான் காலத்தில் கட்டத் தொடங்கப்பெற்றது. பின்வந்தோர் அதனை விரிவாக்கினர். 1236 இல் நகரம் கிறிஸ்தவ மன்னர் வசமானபின் அது தேவாலயமாயிற்று. இக்பால் இசைவு பெற்று அதனுள் தொழுதார். அவ் வனுபவத்திற் பிறந்த உருதுப் பாடல் 1935 இல் வந்த ‘பாலே ஜிப்ரீல்’ என்னும் தொகுதியில் உளது. எட்டு ஈரடிகள் கொண்ட எட்டுப் பகுதிகளாய் அஃது அமைந்துள்ளது.

சிசிலியைக் கண்டு அழுத இளைஞர் இருபத்தைந்து ஆண்டுகளின் பின் கோர்தோவாவில் அவ்வாறு அழவில்லை. இரவும் பகலுமாய்த் தொடரும் காலம் யாவற்றையும் அழிக்கின்றது. மனிதனின் கலையும் தொழிலும் நிலையா என்று தொடங்குகின்றார். ஆயின், இறைக்காதலால் உந்தப்பட்டு ஒருவன் முற்றுவித்த செயலில் நிலைபேற்றின் சாயல் உண்டு என்று அடுத்துக் கூறுகின்றார். அப் பள்ளிவாசலின் எண்ணிறந்த தூண்கள் பாலைவனத்துப் பேரீந்துகளாய் அவர் கண்ணுக்குத் தோன்றுகின்றன. கட்டிடத்தைக் கண்டு, அதனைக் கட்டியோரின் நெஞ்சத்தை அறிகின்றார். ஈற்றிலே, மாலை வேளையில் ஆற்றங்கரையில் நின்று, இனி வரப்போகும் புதியதொரு காலத்தைக் கனவு காண்கின்றார். பழமையின் நினைவு அவரைப் பின்னோக்கி இழுக்கவில்லை, முன்னோக்கிச் செலுத்துகின்றது.

தடைகளும் விடைகளும்

இக்பாலின் கருத்துகளை மறுத்தோரும் உளர். வலிமையைப் போற்றும் அவர் பாடல்கள் ஜேர்மானிய மெய்யியலார் நீட்சேயின் எதிரொலி என மேலைநாட்டார் சிலர் கூறினர். இக்பால் இதனை மறுத்தார். இறைவனை இழந்த நீட்சேயை அவர் ‘ஜாவீத் நாமா’விலே கோள்களுக்கு அப்பால், எந் நிலையையும் எய்தாது சுழலும் ஆன்மாவாகக் காட்டினார். மெய்யியல் உலகுக்கெல்லாம் பொதுவாயிருக்க, அதனை ஒரு சமுதாயத்துக்கே உரியதாய்ப் பாடுவது ஏன் என்றும் வினாவப்பட்டது. இலட்சியம் பொதுவானதாயினும், அதனை நடைமுறைக்குக் கொணர ஏதேனும் ஒரு சமுதாயத்திலிருந்தே தொடங்கல் வேண்டும் என 1921 இல் நிக்கல்சனுக்கு எழுதிய மடலில் அவர் விடையளித்தார்.

இவ் விடை முற்றும் நிறைவு தருவதோ என்பது வேறு. 1904 இல் இந்துஸ்தானத்தின் பெருமையைப் பாடிய கவிஞர், 1930 இல் அலகாபாதில் ஆற்றிய தலைமையுரையில் வடமேற்கு இந்திய முஸ்லிம்களுக்கெனத் தனி அரசமைப்பை வேண்டினார். அவர் 1938 ஏப்ரல் 21 ஆம் நாள் லாகூரிற் காலமானார். 1947 இற் பிரிவினை நிகழ்ந்தபோது உண்டான குருதிப்பெருக்கை அவர் காணவில்லை. விசுவாமித்திரரை வணங்கிய காவியமும், பிரிவினைக்கு வித்தெனக் கருதப்படும் அவ்வுரையும் ஒரே உள்ளத்தில் இரண்டாண்டு இடைவெளியிற் பிறந்தவை. இரண்டில் ஒன்றை மறைத்து மற்றொன்றை மாத்திரம் காட்டுதல் மாணாக்கர்க்கு நாம் செய்யும் தீங்காகும். மரபினைத் துணையாகக் கொள்வோர் யாவரும் எதிர்கொள்ளும் இடர் இது. வேரைத் தேடிச் செல்பவன் அயலானையும் கண்டு தழுவலாம், வேலியையும் நட்டுவிடலாம்.

முடிவுரை

இத்தனையும் கூறியபின் எஞ்சுவது யாது? புலம்பலிற் றொடங்கி, முறையீட்டின் வழியே ஆய்வுக்கும், ஆய்வின் வழியே ஆக்கத்துக்கும் இக்பால் சென்றார். தாம் நேசித்தவரைக் கடிந்தார். தாம் தவறாய் உணர்ந்தவரை மீண்டும் பயின்றார். அயற் சமயத்து முனிவர்க்கும் கவிஞர்க்கும் தம் காவியத்தில் இருக்கை அளித்தார். முன்னோரின் செல்வம் ஒவ்வொருவனும் தன் முயற்சியாற் புதிதாய்ப் பெறுதற்குரியது என்பதையும், இறையனுபவம் உலகுக்கு மீண்டு செய்யும் பணியால் அளக்கப்படும் என்பதையும் அவர் இலக்கியம் உணர்த்துகின்றது. விழா நாட்களில் நாமும் பண்பாட்டுப் பெருமை பேசுகின்றோம். நாம் பேசுவனவற்றுள் நமக்கே அருளப்பட்டதாய் எண்ணிப் பயின்றவை எத்தனை என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியர்க்கு ஒரு செய்தி கூறி முடிக்கின்றேன். 1923 இல் ஆங்கில அரசு இக்பாலுக்குச் ‘சேர்’ பட்டம் வழங்கியபோது, தம் பழைய ஆசிரியர் மீர் ஹசனுக்கும் உரிய பட்டம் அளிக்கப்படல் வேண்டும் என்று அவர் வேண்டினராம். அவ் வாசிரியர் எந் நூலை இயற்றினார் என்று வினாவப்பட்டபோது, தாமே அவர் இயற்றிய நூல் என விடையிறுத்தனர் என்பர். மீர் ஹசனுக்கு ‘ஷம்சுல் உலமா’ என்னும் பட்டம் வழங்கப்பட்டது. சியால்கோட் நகரத்து வகுப்பறையில் அரபும் பாரசீகமும் கற்பித்த அம் முதியவர்க்கு, எதிரே அமர்ந்திருந்த சிறுவன் என்னாவான் என்பது தெரிந்திருத்தற்கில்லை. நமக்கும் தெரியாது. ஆயினும் மரபு கைமாறும் இடம் அவ்வகுப்பறையே.